குரங்கு தொட்ட கோயில்

எங்கள் வீட்டில் பாதியில் நின்றுபோன எதற்கும் ஒரு பெயர் உண்டு. சித்தப்பா ஆரம்பித்து ஆறு மாதத்தில் மூடிய செல்போன் கடை, கூரை போடாமல் விட்ட மாடி அறை, நான் மூன்றாம் அத்தியாயத்தோடு கைவிட்ட நாவல். எல்லாமே அம்மாயிக்கு 'கொரங்கு தொட்ட கோயில்'தான். அம்மாவைப் பெற்ற அம்மாயிக்குப் பிறந்த ஊர் தொட்டியம் பக்கம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் உவமைகள் எல்லாம் இன்னும் அந்தப் பக்கத்து வாழைத்தோப்பிலிருந்துதான் வரும்.

அது வெறும் சொலவடை, நிஜமாகவே அப்படி ஒரு கோயில் கிடையாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் யாரோ ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்தேன். பச்சைப் புல்தரை நடுவே தனியாக ஒரு கல் விமானம். கீழே ஸ்ரீநிவாசநல்லூர், கொரங்கநாதர் கோயில் என்று போட்டிருந்தது. அம்மாயியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அதேதான்" என்றாள். "கட்டி முடிச்சு நாளைக்கிக் கும்பாபிசேகம்னு இருக்கறப்ப கொரங்கு உள்ள பூந்து சாமியத் தொட்டுருச்சு. தீட்டாப் போச்சு. அப்பறம் யாரும் பூசை செய்யல. சின்னப்புள்ளையில நாங்க அந்தப் பக்கம் போனா, தொடாதடி, அது ஆகாத கோயிலும்பாங்க."

இணையத்தில் தேடினாலும் இதே கதைதான் கிடைக்கும். பயணக் குறிப்புகள், யூடியூப் காணொளிகள், கலைக்களஞ்சியப் பக்கங்கள் எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை. குரங்கு தீட்டுப்படுத்தியது, அதனால் குடமுழுக்கு நடக்கவில்லை, அதனால் கருவறையில் சாமி இல்லை. மூன்று வரியில் கதை முடிந்துவிடுகிறது. இத்தனை சுலபமாக முடிகிற கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

*

ஸ்ரீரங்கத்திலிருந்து போவதென்றால் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் நாமக்கல் சாலையைப் பிடிக்க வேண்டும். நொச்சியம், குணசீலம், முசிறி. முதலில் இடப்பக்கம் கூடவே வருவது கொள்ளிடம். முக்கொம்பு தாண்டிய பிறகு அது முழுக் காவிரியாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் அதற்கு அகண்ட காவிரி என்று பெயர். பெயருக்கு ஏற்ற அகலம். கோடையில் அது மணல் பாலைவனம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் எதிர்க்கரைத் தென்னைகள் ஒரு பச்சைக் கோடு மாதிரி தெரியும். கரையோரம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பாய்க்குக் கோரை. முசிறியும் தாண்டித் தொட்டியம் போகும் வழியில்தான் ஸ்ரீநிவாசநல்லூர். திருச்சியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

ஒரு வேலைநாளில், மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு பைக்கில் போனேன். தொல்லியல் துறையின் நீலப் பலகை, கம்பிவேலி, வெட்டிவிட்ட புல். ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இது ஒரு அதிர்ச்சி. எங்கள் ஊரில் கோயில் என்றால் ஏழு பிராகாரம், 21 கோபுரம், 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரம், வைகுண்ட ஏகாதசிக்குத் தெருவரை நீளும் வரிசை. கோயிலுக்குள்ளேயே தெரு, தெருவுக்குள்ளேயே எங்கள் வீடு. இங்கே ஒரு கோயில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், விபூதி வாசனை இல்லாமல், குழல்விளக்கு இல்லாமல் நிற்கிறது. கல்லின் நிறம் கல்லின் நிறமாகவே இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பெரிய கோயில் அல்ல. நீளம் ஏறத்தாழ 50 அடி, விமானத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதே 50 அடி. அந்தச் சம அளவுதான் பார்த்தவுடன் மனசில் உட்காருகிறதோ என்னவோ. தஞ்சாவூரில் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கே நின்ற இடத்திலேயே முழுக் கோயிலும் கண்ணுக்குள் வந்துவிடும். அடித்தளத்தில் யாளி வரிசை. சுவர் மாடங்களில் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். தெய்வங்கள் என்று சொல்லிவிட முடியாது. கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி: ஒரு காலில் பாரம் போட்டு, லேசாக இடுப்பை ஒடித்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர்கள் போல. முற்காலச் சோழச் சிற்பிகளுக்கு மனிதர்களைச் செதுக்கப் பிடித்திருந்தது. பிற்காலத்தில் கோயில் பெருக்கப் பெருக்க இவர்கள் சுவரிலிருந்து காணாமல் போகிறார்கள்.

தென்சுவரில் தட்சிணாமூர்த்தி. மேலே மரம், சுற்றிக் கணங்கள், காலடியில் முனிவர்கள். வடகரைக் கோயில் என்பதால் தெற்கே ஆறு. ஆகவே அவர் பேசாமல் ஆற்றுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்தத் தட்சிணாமூர்த்தி முன்னாலும் நான் இவ்வளவு நேரம் தனியாக நின்றதில்லை. வழக்கமாக வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலைக்குப் பின்னால்தான் அவர் இருப்பார்.

*

இந்தக் கோயில் முதலாம் பராந்தகன் காலத்தது என்பது பரவலான கருத்து. அவன் ஆட்சி 907-இல் தொடங்கி 955 வரை. 927-ஆம் ஆண்டு என்று ஒரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. இல்லை, அவன் அப்பா முதலாம் ஆதித்தன் காலத்திலேயே எழுந்துவிட்டது என்று முன்னே தள்ளுகிறவர்களும் உண்டு. இது முற்காலச் சோழர் கோயில்கள் எல்லாவற்றுக்கும் உள்ள தலைவலி. கல்வெட்டில் நம்மைப் போல ஆண்டு போட மாட்டார்கள். இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்றுதான் வரும். அந்த 'இன்ன அரசன்' இடத்தில் பல சமயம் வெறும் கோராசகேசரி அல்லது கோப்பரகேசரி மட்டும் இருக்கும். சோழர்கள் இந்த இரண்டு பட்டங்களையும் மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். விஜயாலயன் பரகேசரி, ஆதித்தன் ராசகேசரி, பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தன் ராசகேசரி, இப்படியே ராஜராஜன் வரை. இரண்டே மதிப்பு உள்ள ஒரு பூலியனை அரசனின் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ, அது ஆகிறது. 'மதிரை கொண்ட' என்று சேர்த்திருந்தால் பிழைத்தோம், அது பராந்தகன். இல்லாவிட்டால் எழுத்தின் வடிவத்தையும் கட்டடத்தின் பாணியையும் வைத்துச் சண்டை போட வேண்டியதுதான்.

காலத்தில்தான் இந்தச் சண்டை. கல்வெட்டு சொல்லும் பெயரில் சண்டை இல்லை. நூறாண்டுகளுக்கு முன்பே படியெடுக்கப்பட்ட இந்தக் கோயில் கல்வெட்டுகளில் ஊருக்குப் பெயர் ஸ்ரீநிவாசநல்லூர் அல்ல, மகேந்திரமங்கலம். அது ஒரு பிரமதேயம். சாமியின் பெயர் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள்.

குரக்குத்துறை என்றால் குரங்குத்துறைதான். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரப் புணர்ச்சி படித்தபோது 'குரங்கு + கால் = குரக்குக்கால்' என்று உதாரணம் வந்திருக்குமே, அதே இலக்கணம். இரும்பு இருப்புப்பாதை ஆவது மாதிரி குரங்கு குரக்குத்துறை ஆகிறது. வடமொழியில் 'குரங்க' என்றால் மான், ஆகவே இது மான்நாதர் என்று யாராவது கிளம்பினால் கல்வெட்டின் 'குரக்கு' அவர்களை அங்கேயே நிறுத்திவிடும்.

அப்படியானால், சாமி குடியேறுவதற்கு முந்தின நாள் வந்து கெடுத்த குரங்கு, அதற்கு முன்பே சாமியின் பெயரில் எப்படி உட்கார்ந்திருந்தது?

இந்தக் கேள்வி தோன்றியபோது ரகசியக் கதவு ஏதோ திறந்த மாதிரி இல்லை. ஆபீஸில் அடிக்கடி நடக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. பழைய கோடில் ஒரு கமென்ட் இருக்கும்: 'இந்த ஃபங்ஷன் எங்கேயும் பயன்படவில்லை.' நம்பி அழிக்கப் போவோம். லாகைத் திறந்தால் அது வருஷக்கணக்காக ஓடிய தடம் இருக்கும். கமென்ட் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்தபோது அது ஓடவில்லை, அவ்வளவுதான்.

*

துறை என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஆற்றோடு போய்ப் பார்க்கலாம். முசிறிக்கு எதிர்க்கரை குளித்தலை. அங்குள்ள கடம்பவனேசுவரர் கோயிலுக்குத் தேவாரப் பெயர் கடம்பந்துறை. அப்படியே தென்கரையில் திருச்சியை நோக்கி இறங்கினால் பராய்த்துறை. பிறகு செந்துறை, ஆலந்துறை. கடம்பு, பராய், ஆல் எல்லாம் மரங்கள். ஆற்றில் இறங்கிக் குளிக்க, மாட்டைக் கழுவ, பரிசல் ஏற ஓர் இடம். அந்த இடத்தில் நிழலுக்கு ஒரு மரம். மரத்தடியில் சாமி. ஊர்ப் பெயர் அப்புறம்தான் வருகிறது. கடம்ப மரத்துத் துறை, ஆலமரத்துத் துறை என்று அடையாளம் சொன்ன மாதிரி, குரங்குகள் இருக்கிற துறை என்று இங்கே சொல்லியிருப்பார்கள். இதில் புராணம் எதுவும் தேவையில்லை. இன்றைக்கும் பஸ் கண்டக்டர், "புளியமரம் ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்கிறாரே.

செந்துறையும் ஆலந்துறையும் தனிக் கதை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ஆலந்துறை இன்றைய அந்தநல்லூர். அங்கே கற்றளி எடுத்தவன் செம்பியன் இருக்குவேள் என்கிற பூதி பராந்தகன். பக்கத்திலேயே திருச்செந்துறையில் கற்றளி எடுத்தவள் பூதி ஆதித்தபிடாரி, கொடும்பாளூர் வேளிர் வீட்டுப் பெண். பராந்தகனின் மகன் அரிகுலகேசரியைக் கட்டிக்கொண்டவள். அந்த ஊர் அப்போது ஈசானமங்கலம் என்ற பிரமதேயத்தின் பகுதி. ஈசானமங்கலம் இன்று யாருக்கும் தெரியாது. செந்துறை இருக்கிறது. அரசும் சபையும் வைத்த பெயர் போய், ஆற்றில் இறங்கியவர்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது.

குரக்குத்துறைக்கு அந்த அதிர்ஷ்டமும் பாதிதான். ஊர்ப் பெயரைப் பிற்காலத்து ஸ்ரீநிவாசன் எடுத்துக்கொண்டான். மகேந்திரமங்கலம் என்ற பெயர் பக்கத்து ஊருக்கு ஒதுங்கியது. (மகேந்திரன் என்றதும் மலைக்கோட்டையில் குடைவரை வெட்டிய பல்லவன் ஞாபகத்துக்கு வருவான். பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிச்சுப் போட எனக்குத் தைரியமில்லை.) துறை உதிர்ந்துவிட்டது. குரங்கு மட்டும் கொரங்காகி, ஒரு நாதரை ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது.

கும்பகோணம் பக்கம் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்திருக்கிறது. தென்குரங்காடுதுறை என்று தேவாரத்தில் வரும் ஊர்தான் இன்றைய ஆடுதுறை. அங்கே குரங்கு உதிர்ந்துபோய் ஆடும் துறையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நெல் ஆராய்ச்சி நிலையத்தால் ஊருக்கு இன்று உலகப் பெயர். ஏடிடி 43 போட்ட விவசாயி யாரும் அந்த 'ஏ'-க்கு முன்னால் ஒரு குரங்கு இருந்ததை யோசித்திருக்க மாட்டார்.

*

இப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. தென்குரங்காடுதுறைத் தலபுராணத்தில் சுக்ரீவன் வந்து சிவனை வழிபட்டான். காவிரிக்கு வடக்கே வடகுரங்காடுதுறையில் வாலி வழிபட்டான். குரக்குக்கா என்று ஒரு தலம் இருக்கிறது, அங்கே அனுமன். மூன்று ஊரிலும் பெயரில் குரங்கு. மூன்று ஊரிலும் குரங்கு பக்தன்.

திருச்சியைச் சுற்றிப் பாருங்கள். திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாக ஊர்ந்து போய்க் கும்பிட்டார்கள். ஸ்ரீநிவாசநல்லூர் போகிற இதே சாலையில் இருக்கிற ஈங்கோய்மலையில் அகத்தியர் ஈயாக மாறிப் போய்ச் சாமியைப் பார்த்தார். திருவானைக்காவில் யானையும் சிலந்தியும். எறும்பு தொட்டால் தீட்டில்லை, ஈ மொய்த்தால் தீட்டில்லை. குரங்கு தொட்டால் மட்டும் கோயில் செத்துவிடுமா?

திருவானைக்கா கதையை நாங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ற முறையில் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். நாவல் மரத்துச் சருகு லிங்கத்தின் மேல் விழாமலிருக்கச் சிலந்தி வலை பின்னியது. யானை அதை அசுத்தம் என்று நினைத்துத் துதிக்கைத் தண்ணீரால் கழுவித் தள்ளியது. சிலந்தி மறுபடி பின்ன, யானை மறுபடி கழுவ, கடைசியில் ரெண்டும் செத்தன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியது என்பார்கள். ஒருவர் சேவை இன்னொருவர் கண்ணுக்கு அழுக்கு என்பதைத்தான் இந்தக் கதை முழுக்கப் பேசுகிறது. அந்தத் தகராறில் கோயில் மூடப்படவில்லை. ரெண்டு பேருக்கும் முக்தி கிடைத்தது.

ஆகவே என் ஊகம் இது. பெயரில் ஒரு மிருகம் இருந்தால் ஜனங்கள் அதற்கு ஒரு கதை சொல்லியே ஆவார்கள். விளக்கு எரிகிற கோயிலாக இருந்தால், அந்த மிருகம் எதற்கு இங்கே வந்தது என்று கேட்பார்கள். கும்பிட வந்தது. விளக்கு அணைந்து இரண்டு மூன்று தலைமுறை போய், எரிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாத கோயிலாக இருந்தால், கேள்வி வேறாகிவிடும். இத்தனை அழகான கோயில் ஏன் சும்மா கிடக்கிறது? பெயரில் இருக்கிறதே, அந்த மிருகம்தான் காரணம். குரக்குத்துறையில் பூசை தொடர்ந்து நடந்திருந்தால் இன்று அங்கே ஒரு தலபுராணம் இருந்திருக்கும். அதில் அனுமனோ அங்கதனோ வாழைப்பழம் படைத்திருப்பார்கள்.

*

விளக்கு எரிந்ததா என்று எப்படித் தெரியும்? கருவறையில் சாமி இல்லாததால் குடமுழுக்கே நடக்கவில்லை என்பது கதை. ஆனால் பெருமானடிகள் என்று பெயர் சொல்லி, அவருக்குக் கொடை கொடுத்ததைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். தீட்டுப்பட்டுக் கைவிட்ட வெற்றுக் கட்டடத்துக்கு யாரும் தர்மம் செய்து அதைக் கல்லில் எழுத மாட்டார்கள். சோழர் காலக் கொடைக் கல்வெட்டு என்பது பக்திப் பாட்டு அல்ல, பத்திரப்பதிவு. யார் கொடுத்தார், எவ்வளவு, யார் பொறுப்பு, வட்டி என்ன, தவறினால் யாரைக் கேட்பது. கேட்பதற்கு ஆளும் பெறுவதற்குச் சாமியும் இருந்தால்தான் பத்திரம் எழுதுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நந்தா விளக்கை எரிய வைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டபோது, சிஸ்டம் டிசைன் படித்தவன் என்ற முறையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பணம் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். ஆடு கொடுப்பார்கள். பல கோயில்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடத்தில் 90. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆட்டுக்குப் பதில் 48 பசு அல்லது 16 எருமை. ஓர் இடையர் அதை ஏற்றுக்கொண்டு, தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாது, கிழடாகாது. கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை எப்போதும் 96. மிச்சக் குட்டியும் பாலும் இடையருக்கு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியும் என்று எழுதி வைத்தார்கள். பேச்சுக்குச் சொன்னதல்ல, கணக்குப் போட்டுத்தான்.

கணக்கில் விட்டுப்போனது, ஆட்டுக்கும் விளக்குக்கும் நடுவே நிற்கிற மனிதர்கள். மேற்பார்க்கும் சபை, நிலத்தில் நீர் பாய்ச்சுகிறவர்கள், நெய் அளக்கும் இடையரின் பேரன், அவன் பேரன். ஒரு கண்ணி அறுந்தால் போதும். 1311-இல் மாலிக் கபூர் படை, 1323-இல் உலூக்கானின் படை என்று ஸ்ரீரங்கம் கோயில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அரங்கனை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், பிறகு விஜயநகரத் தளபதிகள் காலத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருந்தது, திரும்பி வர ஆதரவு இருந்தது. சின்ன ஊர்க் கோயில்கள் பலவற்றுக்கு அது அமையவில்லை. கொடும்பாளூர் மூவர்கோயிலில் பூதி விக்ரமகேசரி தனக்கொன்றும் தன் இரண்டு தேவியருக்கு ஒவ்வொன்றுமாக மூன்று விமானம் எடுத்தான். இன்று இரண்டுதான் நிற்கின்றன, அங்கும் விளக்கு இல்லை. ஆனால் அங்கே யாரும் குரங்கைக் குற்றம் சொல்வதில்லை. பெயரில் குரங்கு இல்லையே.

இனிமேலும் விளக்கு எரியாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுத்துக்கொண்ட நாளில் வழிபாடு இல்லாத இடத்தில் புதிதாக வழிபாடு தொடங்க விடுவதில்லை என்பது தொல்லியல் துறையின் நிலைப்பாடு. எனக்கு அதில் புகார் இல்லை. பூசை தொடங்கினால் மறு வருஷமே சுவரில் சுண்ணாம்பு, மண்டபத்தில் கிரானைட், தட்சிணாமூர்த்திக்கு எஸ்எஸ் கம்பி. நிறையப் பார்த்தாகிவிட்டது. சுவரில் நிற்கிற அந்தப் பெண்கள் ஆயிரம் வருஷம் தாண்டி மூக்கும் முழியுமாக இருப்பதற்கு யாரும் எண்ணெய் தடவாததும் ஒரு காரணம்.

*

வேலிக்கு வெளியே வரப்பில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவரும் குரங்குக் கதைதான் சொன்னார். நான் 96 ஆட்டுக் கணக்கைச் சொன்னதும் கதையை விட்டுவிட்டார்.

"ஒரு வெளக்குக்கா?"

"ஒரே வெளக்குக்குத்தாங்க ஐயா."

"என்னிட்ட இருவது உருப்படி கெடக்குது. இதுக்கே காடு பத்த மாட்டேங்குது." கொஞ்ச நேரம் விரலை மடக்கினார். "தொண்ணூத்தாறுன்னா அஞ்சாறு லச்சத்துக்கு மேல போவும் தம்பி. அவ்ளோவயும் குடுத்துட்டு வெளக்கு வெச்சாங்களா?" பிறகு, முக்கியமான சந்தேகம்: "மேய்க்கிறவனுக்கு என்ன குடுத்தாங்க?"

சபையைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய இருக்கிறது. இதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, குடவோலை முறையை விவரமாகச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம், வேதம் படித்திருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் தேர்தல் என்று மேடையில் பெருமையாகச் சொல்வோம். மகேந்திரமங்கலமும் பிரமதேயம்தான். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் ஆட்டுக்காரரின் முன்னோர் யாரும் ஓலையில் பெயர் எழுதப்பட்டவர்கள் அல்ல. என் அம்மாயியின் முன்னோரும் அல்ல. அவர்கள் வயலில் இருந்தார்கள். கோயிலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பது அவர்களுக்கு இன்னொருவர் சொல்லித்தான் தெரியும்.

கதை ஏன் இவ்வளவு உறுதியாக நின்றது என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கலாம். உரிமை இல்லாத ஒன்று உள்ளே நுழைந்து தொட்டது, சாமி போய்விட்டார். இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சென்னை மாகாணத்தில் எல்லோருக்கும் கோயிலைத் திறந்துவிடும் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் வந்தது. அம்மாயிக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. தொடாதடி என்று அவளிடம் சொன்ன நாட்கள் அவை.

ஊர் திரும்பியதும் இரவு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரக்குத்துறை, துறை போய்க் குரங்கு நின்றது, ஆடுதுறை, சுக்ரீவன். பாதிக்கு மேல் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"அப்ப அங்க வெளக்கு எரிஞ்சிருக்கு."

"எரிஞ்சிருக்கணும் அம்மாயி."

"கொரங்கு ஒண்ணுஞ் செய்யல."

"ஒண்ணும் செய்யல. ஆத்தோரம் மரத்துல உக்காந்திருந்துச்சு, அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஒரு தடவ நான் தொட்டேன்டா" என்றாள் பிறகு. "யாரும் பாக்கல. வெளிச் செவுத்துல ஒரு பொம்பள நிக்கும்ல, அது காலு. சில்லுனு இருந்துச்சு. வூட்டுக்கு வந்ததும் அன்னிக்கி ராத்திரியே எனக்குக் காச்சல். அதுனாலதான்னு இன்னிக்கி வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்றாவது மாடத்தில் நின்றாள். அதுதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை, அந்தப் பக்கம் தென்னை இருந்தது என்றாள், இப்போது இல்லை.

"மேட்டூரு எப்பத் தொறப்பான்?"

"ஜூன் பன்னெண்டு. தண்ணி இருந்தா."

"தொறந்தப்பறம் கூட்டிட்டுப் போ. ஆத்துல தண்ணி இல்லாம அந்தூரப் பாக்க முடியாது."